பதினேழாவது சாயம்

கண்டியிலிருந்து கல்முனைக்குப் போகும் பஸ் நாவற்குடாவில் நின்றபோது உதயரூபன் இறங்கவில்லை. யசோதினி முன்கதவையும் பின்கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். முன்கதவால் ஒரு முஸ்லிம் பெண் இறங்கி, பஸ்ஸைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு, நேராக அவளிடம் வந்தாள். கையில் உதயரூபனின் சோற்றுப் பெட்டி இருந்தது.

“உதயரூபன் மாஸ்டர்ட வீட்டுக்காரி நீங்கதானா?”

“ஓம்.”

“நான் றஸீனா, காத்தான்குடி. அவருக்கு முன்சீட்டுல இருந்தன். அவர இறக்கிப்போட்டாங்க, புள்ள. செக் பண்ணுற இடத்துல பேக்கத் துறந்தாங்க. உள்ளுக்க சின்னச் சின்னக் குப்பி. ஒண்டுல சிவப்புத் தூள். ஒரு கடதாசியில ஆறு மூலைப் பெட்டி பெட்டியா என்னமோ கீறியிருந்திச்சு. அதக் கண்டதும் ஒருத்தன் அவர்ட கொலரப் புடிச்சிட்டான். பஸ்ஸப் போகச் சொல்லிட்டாங்க. நாவற்குடாவில என்ட மனுசி நிப்பா, சொல்லுங்க எண்டு அவர் கத்தினாரு.”

நடத்துனர் தகரத்தில் தட்டினார். றஸீனா சோற்றுப் பெட்டியை யசோதினியின் கையில் வைத்து அழுத்திவிட்டு ஏறிக்கொண்டாள்.

2009 பெப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை. வன்னியில் யுத்தம் முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கிழக்கில் அது முடிந்து ஒன்றரை வருடமாகிவிட்டது என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. ஆட்கள் காணாமல் போவது மட்டும் முடியவில்லை.

அந்தச் சிவப்புத் தூள் யசோதினி செய்தது; ஆறு மூலைப் பெட்டிகள் அதன் மூலக்கூற்றின் படம்.

அவள் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் விரிவுரையாளர். வயது முப்பத்திரண்டு. வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஒருவகைக் கலத்துக்குச் சாயம் வடிவமைப்பது அவளுடைய ஆய்வு. கூரையில் பூட்டுகிற நீலத் தகடு அல்ல அது. கண்ணாடித் துண்டொன்றில், பெயின்றில் கலக்கிற அதே வெள்ளைத் தூளை மெல்லிதாகப் பூசிச் சுட்டு, அதைச் சாயத்தில் ஊறவிட வேண்டும். வெயில் பட்டதும் சாயம் ஓர் இலத்திரனை வெள்ளைத் தூளுக்குக் கொடுக்கும். அப்படித்தான் மின்னோட்டம் தொடங்கும். இந்த வேலைக்குப் பேர்போன சாயங்கள் ருத்தேனியம் என்ற உலோகத்தைக் கொண்டவை. அந்த உலோகம் பூமியில் மிக அரிது. உலோகமே இல்லாத சாயத்தால் அதே வேலையைச் செய்விக்க முடியுமா என்பதுதான் அவளுடைய கேள்வி.

“ஒரு தலை குடுக்கணும். மற்றத் தலை வெள்ளத் தூள இறுக்கிப் புடிக்கணும். நடுவுல ஒரு பாலம்,” என்று உதயரூபனுக்கு விளங்கப்படுத்துவாள். அவன் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவன்.

“பாலத்த நீட்டினா?”

“நீட்டினா நிறம் சிவக்கும். வெயில் கூடப் புடிக்கும். கூடுதலா நீட்டினா சூட்டுக்கு நிக்காது.”

2004 முடியும்போது அவளிடம் பதினாறு சாயங்கள் இருந்தன. பல்கலைக்கழகத்தில் மின்சாரம் நின்று நின்று வரும்; சூட்டில் சாயம் கெட்டுப்போகும். ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப அலுவலராக இருந்த பேர்டி, டச்பாரில் இருந்த தன் வீட்டில் அவற்றை வைக்கச் சொன்னார். பேர்டி போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர், கண்ணாடி வெட்டுவதிலும் ஊதுவதிலும் கைகாரர். பதினாறு குப்பிகளும் யசோதினியின் குறிப்புப் புத்தகமும் பேர்டியின் மனைவி எவ்லினின் குளிர்சாதனப் பெட்டியில், நத்தார்க் கேக்குக்குப் பக்கத்தில் இருந்தன. நத்தாருக்கு மறுநாள் காலை பேர்டி கோயிலுக்குப் போயிருந்தார். எவ்லின் முதல்நாளே பூசை கண்டதால் சமையலுக்கு நின்றுவிட்டாள். அப்போதுதான் கடல் வந்தது.

உதயரூபன் நான்கு நாள் பேர்டியோடு நின்று சேற்றைக் கிளறினான். மூன்றாம் நாள் குறிப்புப் புத்தகம் கிடைத்தது. நான்காம் நாள் எவ்லின் கிடைத்தாள். டச்பாரிலும் நாவலடியிலும் எடுத்த உடல்களை அடையாளம் சொல்லிப் பெயர்ப் பட்டியல் எழுதிக்கொடுத்ததும் அவர்கள் இருவரும்தான். பிறகு உதயரூபன் வீட்டுக்கு வந்து, புத்தகத்தின் ஈரத் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, உடுப்புக் கொடியில் கிளிப் போட்டுக் காயவிட்டான். மை கரைந்த இடங்களில் யசோதினி சொல்லச் சொல்லப் பென்சிலால் எழுதினான்.

அந்தத் தாள்களிலிருந்துதான் அவள் மறுபடி தொடங்கினாள். 2008இல் புதிய சாயம் ஒன்று செம்மஞ்சளாக இல்லாமல் நல்ல குருதிச் சிவப்பாக வந்தது. குப்பியில் ‘உதய–17’ என்று எழுதி ஒட்டினாள்.

“என்னகா இது, என்ட பேர?” என்று அவன் வெட்கப்பட்டான்.

அதைக் கலமாக்கி அளந்து பார்க்கும் கருவி கண்டியில் ஓர் ஆய்வகத்தில்தான் இருந்தது. அவள்தான் போயிருக்க வேண்டும். பரீட்சை மேற்பார்வைக்கு அவளைப் போட்டுவிட்டார்கள். “நான் போய்ட்டு வாறன், நீ பேப்பரப் பாரு,” என்று அவன் போனான்.

பத்தொன்பது நாள் அவள் தேடினாள். பொலிஸில் முறைப்பாட்டை எடுக்கவில்லை. ஒரு முகாமில், இங்கே இல்லை, அடுத்ததில் கேள் என்றார்கள். அடுத்ததில், முதல் முகாமில் கேள் என்றார்கள். மனித உரிமை அலுவலகத்தில் ஒரு துண்டில் இலக்கம் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே வாங்கில் வரிசையாக இருந்த பெண்கள் எல்லோரிடமும் அதேபோல் துண்டு இருந்தது. சிலருடையது மடித்து மடித்துக் கிழிந்திருந்தது. ஆரையம்பதியிலிருந்து வந்த ஒருத்தி, “எத்தின நாள்?” என்று கேட்டாள். “பதினொண்டு,” என்றாள் யசோதினி. “எனக்கு ரெண்டு வருசம்,” என்று அவள் சொன்னாள். யசோதினி தன் துண்டை மடிக்காமல் கைப்பைக்குள் வைத்தாள்.

அன்றிலிருந்து பேர்டியும் கூட வந்தார். அவருக்குச் சிங்களம் சரளம். இருபதாம் நாள், உட்பகுதி வீதியில் இருந்த ஒரு முகாமின் வாசலில் அவர்களை உள்ளே விட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு கப்டன் இருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. மேசையில் உதயரூபனின் பை கிடந்தது. பக்கத்தில் இரண்டு குப்பிகள்: ஒன்று கண்டியில் ஒப்பிட்டுப் பார்க்கவென்று கொடுத்த கருநாவல் நிற ருத்தேனியச் சாயம், மற்றது சிவப்பு.

யசோதினி கேட்காமலே கதிரையை இழுத்துப் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கப்டன் சிங்களத்தில் கேட்கக் கேட்கப் பேர்டி தமிழில் சொன்னார்.

“இதுல ருத்தேனியம் எண்டு எழுதியிருக்கு. யுரேனியம் மாதிரிச் சாமானா எண்டு கேக்கிறார்.”

“இல்ல. அது கதிர்வீச்சுள்ள சாமான் இல்ல. வெடிக்கவும் வெடிக்காது. ரெண்டுமே சாயம். ஒண்டுல உலோகம் இரிக்கு, மற்றதுல இல்ல.”

“உதய பதினேழு ஆரெண்டு கேக்கிறார்.”

“அது ஆளில்ல, பேர்டி அண்ணன். சாயத்துட பேரெண்டு சொல்லுங்க.”

“உதய உங்கட புருசன்ட பேராம். இயக்கத்துல ஆட்களுக்கு நம்பர் இருக்குமாம். ஒண்டு தொடக்கம் பதினாறு வரைக்கும் உள்ளாக்கள் எங்க எண்டு கேக்கிறார்.”

“கடல் கொண்டு போச்சு,” என்றாள் யசோதினி.

கப்டன் பேனையால் மேசையில் தட்டினார். பேர்டி பேசத் தொடங்கினார். யசோதினி சொன்னது மூன்று சொல். பேர்டியின் சிங்களம் நீண்டுகொண்டே போனது. நடுவில் எவ்லினின் பெயர் இரண்டு தரம் வந்தது. முடித்தபோது கப்டன் பேனையைக் கீழே வைத்திருந்தார்.

அந்த நேரத்தில் யசோதினியின் கண் கோப்புக்குள் இருந்த ஒரு தாளில் விழுந்தது. கண்டி ஆய்வகத்தின் முடிவுத்தாள். தலைகீழாக இருந்தாலும் அவளால் வாசிக்க முடிந்தது. உதய–17, பட்ட வெயிலில் ஐந்து தசம் ஒரு வீதம் மின்சாரம். மூன்று வந்தால் போதும் என்று நேர்ந்திருந்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவள் மனம் துள்ளியது. அடுத்த கணம் தன்னையே அறைய வேண்டும்போல் இருந்தது. ‘அவர் எங்கேயோ அடிபட்டுக்கொண்டு கிடக்கிறார், நான் வீதம் பார்க்கிறேன்.’

“இது வெயில்ல கரண்ட் தருமெண்டு சொல்லுறீங்க. காட்டுங்க எண்டு சொல்லுறார்,” என்றார் பேர்டி. “சனிக்கிழமை காலமை பத்து மணிக்கு. இந்தச் சிவப்புலதான் செய்யணுமாம். மற்றது வேணாமாம்.”

“அவர் இஞ்சதான் இரிக்காரா எண்டு கேளுங்க.”

பேர்டி கேட்டார். கப்டன் சிவப்புக் குப்பியிலிருந்து ஒரு கரண்டி நுனியளவு தூளைக் கடதாசியில் தட்டி மடித்துக் கொடுத்தார்.

“முதல்ல காட்டட்டாம்.”

அன்று வியாழக்கிழமை. இரண்டு நாள்கூட முழுதாக இல்லை.

வீட்டில் கடதாசியை விரித்தபோது தூள் கட்டி கட்டியாக இருந்தது. யாரோ அதில் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய் மணமும் வந்தது. எரித்துப் பார்க்க முயன்றிருப்பார்கள். மின்கடத்தும் கண்ணாடித் துண்டுகள் மூன்றுதான் மீதியிருந்தன. ஒரு கலத்துக்கு இரண்டு வேண்டும். பல்கலைக்கழகத்தின் சூளை மூன்று மாதமாகப் பழுது.

“என்ட பட்டறையில கரியடுப்பு இரிக்கு, மிஸ்,” என்றார் பேர்டி.

“நானூற்றைம்பது பாகை வேணும் அண்ணன். கூடினா கண்ணாடி வளைஞ்சிரும்.”

“நிறத்தப் பாத்து ஊதுவம்.”

வெள்ளைத் தூளை வினாகிரி விட்டு அரைத்து, ஒரு துளி சவர்க்காரத் தண்ணீர் கலந்து, கண்ணாடியில் பூசி, தகரத்தின்மேல் வைத்து அடுப்பில் ஏற்றினார்கள். பூச்சு முதலில் மண்ணிறமாகிக் கருகியதுபோல் தோன்றும். பிறகு மறுபடி வெளுக்கும். வெளுத்தால்தான் சரி. அது வெளுத்தது. யசோதினியால் பொறுக்க முடியவில்லை. “எடுங்க அண்ணன், எடுங்க,” என்றாள். பேர்டி இடுக்கியால் தூக்கினார். காற்றுப் பட்டதும் கண்ணாடி ‘டிக்’ என்று குறுக்காகப் பிளந்தது.

அவள் நிலத்தில் குந்தி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறவிட வேண்டும் என்பது முதலாம் வருட மாணவனுக்கும் தெரியும். அவசரம் அவளுடையது. கண்டிக்கு அவனை அனுப்பியதும் அவள்; குப்பியில் அவன் பெயரை எழுதியதும் அவள். “நான்தான் அண்ணன் அவரக் குடுத்த,” என்றாள். “என்ட கையாலதான் லேபல் எழுதின.”

பேர்டி விளக்குமாற்றை எடுத்துவந்தார். உடைந்ததைக் கூட்டி அள்ளினார். “இனி ரெண்டுதான் இரிக்கு. மறுகா பிழைவிட ஏலாது. மெதுவாச் செய்வம்,” என்றார்.

இரண்டாவது கண்ணாடி வெளுத்ததும் அடுப்பை அப்படியே அணையவிட்டு, மூன்று மணித்தியாலம் தொடாமல் இருந்தார்கள். அது பிளக்கவில்லை. அவள் தூளை வடிகட்டிக் கழுவி, தூய மதுசாரத்தில் கரைத்தாள். வந்த கரைசல் நினைத்ததைவிட வெளிறியிருந்தது. கண்ணாடியை அதில் இறக்கி மூடிவைத்தாள். மறுநாள் விடிந்து பார்த்தபோது வெள்ளைப் பூச்சு முழுதும் சிவந்திருந்தது. கரைசலில் நிறம் ஏறக்குறைய இல்லை. சாயம் பிடித்துக்கொண்டது. மற்றக் கண்ணாடியை மெழுகுதிரிச் சுவாலையில் காட்டிக் கரி பூசினாள். இரண்டையும் முகத்துக்கு முகம் வைத்துக் கடதாசிக் கிளிப்பால் இறுக்கினாள். நடுவில் விடும் அயடீன் கரைசல் ஒரு சின்னப் போத்தலில் இருந்தது.

சனிக்கிழமை வெயில் எறித்தது. முகாம் முற்றத்தில் ஒரு வாங்கைக் கொண்டுவந்து போட்டார்கள். சிப்பாய்கள் ஏழெட்டுப் பேர் தூரத்தில் நின்றார்கள். வெடிக்கும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவள் கலத்தை வைத்து, அயடீன் ஒரு துளி விட்டு, வயர்களைக் கொழுவி, மல்ரிமீற்றரைத் திருப்பினாள்.

பூச்சியம் தசம் பூச்சியம் ஆறு வோல்ற்.

அரை வோல்றாவது வர வேண்டும். வயரை மாற்றிக் கொழுவினாள். அதே ஆறுதான். கப்டன் மணிக்கூட்டைப் பார்த்தார். பேர்டி குனிந்து, “கீழ்ப் பக்கம் இன்னும் காஞ்சு கிடக்கு, மிஸ். துளி இறங்கல்ல,” என்றார். அவள் கிளிப்பைச் சற்றுத் தளர்த்தி இன்னொரு துளி விட்டாள். மஞ்சள் கோடு இரு கண்ணாடிக்கும் நடுவே மெல்லப் பரவியது. எண்கள் ஏறின. இருபது, முப்பத்தைந்து, நாற்பத்தெட்டு. தசம் ஐந்து நான்கில் நின்றது.

கப்டன் எழுந்து வந்து கலத்துக்கு மேல் உள்ளங்கையை விரித்து நிழல் போட்டார். எண் இறங்கியது. கையை எடுத்தார். ஏறியது. மறுபடி மூடினார், எடுத்தார். ஐந்தாறு தரம் அப்படிச் செய்தார். தூரத்தில் நின்ற சிப்பாய்களும் கிட்ட வந்துவிட்டார்கள்.

பிறகு அவர் உள்ளே போய் ஒரு கடிதம் தட்டச்சில் அடித்துக்கொண்டு வந்தார். இந்தத் தூள் சாயம் என்றும், வெயிலில் மின்சாரம் தருவதைத் தன் கண்ணால் கண்டதாகவும் எழுதி, ஒப்பமிட்டு, முத்திரை குத்தியிருந்தார்.

“இப்ப அவரக் காட்டச் சொல்லுங்க,” என்றாள் யசோதினி.

கப்டன் பேசினார். பேர்டி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன அண்ணன்? சொல்லுங்க.”

“அவர் இஞ்ச இல்லியாம், மிஸ். பதினொரு நாளைக்கு முன்னாலயே கொழும்பால வந்தாக்கள் கொண்டு போயிட்டாங்களாம்.”

“வியாழக்கிழமையே தெரியுமா இவருக்கு?”

“தெரியுமாம். அண்டைக்குச் சொல்லியிருந்தா நீங்க அழுதுபோட்டுப் போயிருப்பீங்களாம். இவர்ட கையில எழுதுறதுக்கு ஒண்டும் இருந்திருக்காதாம். இப்ப ஒரு கடதாசி இரிக்காம்.”

அவள் கப்டனின் முகத்தைப் பார்த்தாள். இந்த மனிதனுக்கு நன்றி சொல்வதா, முகத்தில் துப்புவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கடிதத்தை வாங்கினாள். கலத்தை வாங்கிலேயே விட்டுவிட்டு நடந்தாள்.

மே மாதம் யுத்தம் முடிந்தது. பட்டணத்தில் வெடி கொளுத்தினார்கள். யசோதினி யன்னல்களைச் சாத்திவிட்டு இருந்தாள். அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கும் தெம்புகூட இல்லாமல், கடிதத்தின் பிரதிகளை அலுவலகம் அலுவலகமாகக் கொடுத்து வந்தாள். ஜூலையில் பதில் வந்தது. தெற்கே ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறான்; பார்க்கலாம்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் வந்து நின்றபோது அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. அவன் தலையைச் சரித்து இடது காதைக் காட்டினான். வலது காது கேட்பதில்லை. ஐந்து நிமிடம் தந்திருந்தார்கள்.

“யசோ, நான் ஒரு வேல செய்துபோட்டன்,” என்றான்.

“என்ன?”

“பதினாறு பேர் எங்க, பதினாறு பேர் எங்க எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சாங்க. சாயம் எண்டு சொன்னா இன்னும் அடி. கொழும்புக்குக் கொண்டு போய் எட்டாம் நாள் ஏலாமப் போச்சு. உயிரோட இரிக்கிற ஒருத்தர்ட பேரையும் சொல்லக்கூடா எண்டு மட்டும் நெனச்சன். நானும் பேர்டி அண்ணனும் டச்பார்ல ஒரு லிஸ்ட் எழுதினமே… அது மனசுல கிடந்திச்சு. மேல இருந்து கீழ வரைக்கும் பதினாறு பேர் சொன்னன். அவங்க எழுதினாங்க. நான் ஒப்பம் வெச்சன்.”

“எவ்லின் அக்காவுமா?”

“முதல் பேரே அவட பேர்தான்.”

அவன் அழுதான். வலையின் ஓட்டைக்குள்ளால் அவள் ஒரு விரலை நுழைத்தாள். அவன் விரலைத் தொடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்றார்கள்.

சட்டத்தரணி ஜெமீலா கல்முனையில் இருந்தார். இதைக் கேட்டுப் பேனையை மூடிவைத்தார். “ஒப்பம் வெச்ச வாக்குமூலத்த உடைக்கிறது லேசில்ல, தங்கச்சி,” என்றார் பிறகு. “கப்டன்ட கடிதம் சாயத்துக்குச் சாட்சி. பதினாறு பேருக்கு அது சாட்சியில்ல. அவங்க ரெண்டாயிரத்து நாலுலயே மௌத்தாப் போனவங்க எண்டு காட்டணும். பதினாறு மரண அத்தாட்சிப் பத்திரமும் எனக்கு வேணும். ஒண்டு குறைஞ்சாலும் அந்த ஒரு ஆள வெச்சு வழக்கக் கொண்டு போவாங்க.”

யசோதினியும் பேர்டியும் வீடு வீடாகப் போனார்கள். சிலர் கேட்டவுடன் எடுத்துத் தந்தார்கள். சிலர் பயந்தார்கள். ‘செத்தும் எங்கட ஆளுக்கு விசாரணையா?’ என்று கதவைச் சாத்தினார்கள். பேர்டியிடமே எவ்லினின் பத்திரம் இல்லை. நாலரை வருடமாக அவர் அதற்கு விண்ணப்பிக்கவேயில்லை. பிரதேச செயலகத்தில் படிவத்தை நிரப்பும்போது ‘இறந்த திகதி’ என்ற இடத்தில் பேனையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். யசோதினி வெளியே போய் நின்றாள்.

பதினைந்து சேர்ந்தது. மீதி ஒன்று நாவலடி அழகரத்தினத்தின் மகளுடையது. அவர் மீன்பிடிகாரர், இப்போது திராய்மடுவில் சுனாமி வீட்டுத்திட்டத்தில் இருந்தார். யசோதினி விஷயத்தைச் சொன்னதும் வாசலிலேயே மறித்தார்.

“செத்துப்போன என்ட புள்ளய இயக்கம் எண்டு எழுதிக் குடுத்த மனுசன்ட பெண்சாதியா நீ? அவளுக்குப் பதினொரு வயசு. தெரியுமா உனக்கு? பதினொரு வயசு!”

“தெரியும் ஐயா. அவர்தான் அவளத் தூக்கிக்கொண்டு வந்த.”

“தூக்கிக்கொண்டு வந்தவனா இத எழுதின? போ. என்ட படலைக்குள்ள வராத.”

அவள் திரும்பத் திரும்ப மூன்று நாள் போனாள். படலைக்கு வெளியே நின்றாள். அவர் வெளியே வரவேயில்லை. மூன்றாம் நாள் திரும்பும்போது, இனி முடியாது என்றுதான் அவளுக்குப் பட்டது. பதினைந்து கடதாசியை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஊரோரத்து வாவிக்குள் இறங்கிவிட்டால் என்ன என்றுகூட நினைத்தாள்.

ஐந்தாம் நாள் காலை அழகரத்தினமே நாவற்குடாவுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. பொலித்தீன் உறையில் போட்ட பத்திரத்தை நீட்டினார். அதோடு பிள்ளையின் பள்ளிக்கூடத் தவணை அறிக்கையும் இருந்தது.

“உன்ட புருசனுக்காகத் தரல்ல,” என்றார். “அவள்ட பேர் அந்தக் கடதாசியில கிடக்கக்கூடா. அதுக்காகத் தாறன். வாசிக்கச் சொல்லு. நீதிமன்றத்துல எல்லாருக்கும் கேக்க வாசிக்கச் சொல்லு.”

2010 ஜனவரியில் வழக்கு எடுத்தார்கள். ஜெமீலா பதினாறு பத்திரங்களையும் ஒவ்வொன்றாக எழுந்து நின்று வாசித்தார். பெயர், வயது, இறந்த திகதி. திகதி எல்லாவற்றிலும் ஒன்றுதான். எவ்லினின் பெயரில் தொடங்கியபோது பேர்டி எழுந்து நின்றார். காவலர் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. கடைசியாக அழகரத்தினத்தின் மகள். ஆறாம் வகுப்பு, கணிதம் எழுபத்தெட்டு, சமயம் எண்பத்தொன்று. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இவர்களில் யாரை 2009இல் தேடுகிறீர்கள் என்று அரச தரப்பைக் கேட்டார். அரச சட்டத்தரணி கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். கப்டனின் கடிதமும் கோப்பில் சேர்ந்தது. இரண்டு தவணைக்குப் பிறகு அவனை விட்டார்கள்.

உதயரூபன் வீட்டுக்கு வந்து முதல் மாதம் பெரும்பாலும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். யாராவது வலது பக்கத்தால் வந்தால் திடுக்கிடுவான். அழகரத்தினத்தைப் போய்க் காண வேண்டும் என்பான். உடுப்பு மாற்றிக்கொண்டு, படலை வரை போய், திரும்பி வந்துவிடுவான். யசோதினி சாயத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆய்வகத்துக்குப் போய் வந்தாள். என்ன செய்தாள் என்று அவன் கேட்கவில்லை.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை அவன் முகம் வழித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனான். பதினொரு மணிக்கே திரும்பி வந்து, கிணற்றடியில் கால் கழுவினான். அவள் வாசலில் நின்றாள்.

“ஏழாம் வகுப்புத் தந்தாங்க,” என்றான். “பின்னம் தொடங்கினன். ஒரு அஞ்சு நிமிசம் படிப்பிச்சிருப்பன். மறுகா ஏலாமப் போச்சு. புள்ளையள் பேசாம இருந்திச்சுகள்.”

“நாளைக்கும் போவீங்களா?”

அவன் துவாயால் காலைத் துடைத்துக்கொண்டே யோசித்தான்.

“தெரியல்ல,” என்றான். “சோத்தப் போடு.”